முத்திரை குத்திய பிடிஎஃப்

அத்தியாயம் பதினேழு

“என் கட்டுரை இதழ்லயே இல்ல, அண்ணி” என்று கஸ்தூரி தொலைபேசியில் சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அந்த ஒரு வாக்கியம் தெப்ராவில் உள்ள அண்ணன் வீட்டைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. ஒருவர் போட்ட தேநீரை மற்றவர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். வீட்டுப் பூனைகூட மீன் துண்டைச் சுற்றி வந்து, நாலா பக்கமும் ஆராய்ந்து, அப்புறம்தான் வாய் வைத்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வாய் விவரம். தேன்மொழி, ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் சொன்ன பொய்களை மூன்று மொழிகளில் பிசகில்லாமல் மாற்றித் தந்தவள். அதனால் யாராவது “இன்றைக்கு வெயில்” என்றால்கூட ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். அவள் கணவர் ஹேமநாதன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். அவருடைய தங்கை கஸ்தூரி பண்டார் தெங்காராவில் இருக்கிறாள். சர்க்கரை நோய் அவளுடைய இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து தொடங்கியதுதான் ‘தென்கோடி’ என்ற ஆய்விதழ். அச்சகத்தை மூடிவிட்டார்கள், இதழ் இப்போது இணையத்தில் மட்டும்தான். கடைசி இதழில் கஸ்தூரியின் கட்டுரை வந்திருக்கிறது என்று ஹேமநாதன் சத்தியம் செய்தார். தேன்மொழியும் கணினியில் அதன் தலைப்பைக் கண்ணால் பார்த்தாள். ஆனால் கஸ்தூரி கண்ணால் படிப்பவள் இல்லை. அவளுடைய கைப்பேசியில் ஒரு குரல் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும். அந்தக் குரல் இந்த இதழுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது.

கட்டுரை என்னவென்று சொன்னால்தான் சந்தேகத்தின் ஆழம் புரியும். தோட்டங்களில் விடியற்காலையில் பிரட்டு எடுப்பார்கள். அதாவது ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்கெடுப்பார்கள். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணிக்குக் குழப்பம். அதனால் வாய்க்கு வந்த பட்டப்பெயரை எழுதிவிடுவார்: கோணவாயன், புளுகன், சட்டித்தலையன். நாளடைவில் அதுவே அடையாள அட்டைக்கு ஏறி, பிள்ளைகளின் அட்டைகளில் தகப்பன் பெயராகவும் நின்றுவிட்டது. கஸ்தூரி பார்வை இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய் இதைக் கேட்டு எழுதியவள்.

கட்டுரையின் நடுவில் ஒரு கிராணி வருகிறார். மற்றவர்கள் சோம்பலில் செய்ததை அவர் ரசித்துச் செய்தவர். கஸ்தூரி அவருக்குப் பெயர் போடவில்லை. ‘ஒரு கிராணி’ என்று விட்டுவிட்டாள். அவர் அவளுடைய அப்பா. ஹேமநாதனுக்கும் அப்பா. கூடத்தில் சந்தன மாலைக்குள் இருந்து வருகிறவர் போகிறவர்களை எல்லாம் மிரட்டிப் பார்ப்பவர்.

அந்தப் பகுதியை அண்ணன் வெட்டிவிட்டார் என்பது கஸ்தூரியின் சந்தேகம். வெட்டியது தெரியக்கூடாது என்றுதான் கைப்பேசிக்குக் கேட்காதபடி பூட்டி வைத்திருக்கிறார் என்பது அவள் முடிவு. வெட்டியிருந்தால் இதழிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு, அண்ணன் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். வாய் விட்டுச் சொல்லவில்லையே தவிர, தேன்மொழிக்கும் அதே சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கஸ்தூரி வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டார். தேன்மொழி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கஸ்தூரி கூடத்துக்குள் நுழைந்ததும் நின்று, அப்பாவின் படம் இருக்கும் பக்கமாகத் துல்லியமாகத் திரும்பினாள்.

“மாலை புதுசா இருக்கா, அண்ணி?”

“போன மாசம் மாத்துனாரு.”

“நெனச்சேன்” என்றாள் கஸ்தூரி. அந்த ஒரு சொல்லில் ஒரு குற்றப்பத்திரிகையே இருந்தது.

மருமகன் ரூபேந்திரன் கெலாங் பாத்தாவிலிருந்து நாசி லெமாக் பொட்டலங்களோடும் மடிக்கணினியோடும் வந்திருந்தான். மகள் ரூபினிக்கு சிங்கப்பூர் மருத்துவமனையில் ஞாயிறும் வேலை. ரூபேந்திரனுக்கும் சிங்கப்பூரில்தான் வேலை, ஆய்விதழ்களை மின்னிதழாக்கும் ஒரு நிறுவனத்தில். ‘தென்கோடி’ இனி எந்தக் கோப்பு வடிவத்தில் வெளிவர வேண்டும் என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம்.

ஹேமநாதனிடம் முடிவு தயாராக இருந்தது. பிடிஎஃப். அதிலும் அவர் செய்யும் பிடிஎஃப் உலகத்தில் வேறு எவரும் செய்யாதது. கட்டுரையைத் தாளில் அச்செடுப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் இதழின் ரப்பர் முத்திரையை ஊதா மையில் ஓங்கிக் குத்துவார். அந்தச் சத்தத்துக்கு எதிர் வீட்டு நாய் வேலை தேடி வேறு ஊர் போய்விட்டதாகப் பேச்சு. அப்புறம் எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து ஏற்றுவார். முன்பு எவனோ அவருடைய கட்டுரையை அப்படியே நகலெடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து வந்த பழக்கம் இது.

“சாப் அடிச்ச பக்கத்துல எவனும் கை வைக்க முடியாது. கோர்ட்டுலயும் அப்படித்தானே?” என்று மனைவியைச் சாட்சிக்கு இழுத்தார்.

தேன்மொழி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் எழுந்து அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் ரூபேந்திரன் மடிக்கணினியின் மூடியைப் பாதி தாழ்த்தினான். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் உயர்த்தினான். ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாதவன் மூடியோடு விளையாட மாட்டான்.

ரூபேந்திரன் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தான். “மாமா, சாதாரண பிடிஎஃப் இந்தப் பொட்டலம் மாதிரி. கட்டின கட்டு கலையாது, எங்க கொண்டு போனாலும் இதே உருவத்துல இருக்கும். ஆனா உள்ள சோறு இருக்கு. பிரிச்சா சாப்பிடலாம். நீங்க செய்யறது பொட்டலம் இல்ல. நாசி லெமாக்கப் படம் புடிச்சு வச்சிருக்கீங்க. படத்த எப்படி சாப்பிடறது?”

கஸ்தூரி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. “அதான் என் போன்ல இருக்கற பொம்பள ‘படம்’னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போறா. அங்கயும் ‘படம்’ங்கறா. முப்பது பக்கமும் படம்தான் அவளுக்கு.”

அதன் பிறகு ரூபேந்திரன் தன் தொழிலை விரித்தான். எக்ஸ்எம்எல் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் இது தலைப்பு, இது பத்தி, இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டு ஒரே ஒரு மூலக்கோப்பு செய்துவிட வேண்டுமாம். அதிலிருந்து இணையப் பக்கமும் எடுக்கலாம், அச்சுக்கேற்ற பிடிஎஃப்பும் எடுக்கலாம், கைப்பேசியில் படிக்க ஈபப்பும் எடுக்கலாம். தேடினால் கிடைக்கும், குரல் வாசிக்கும், மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள். ‘தென்கோடி’யை ஒருவர்கூட மேற்கோள் காட்டாததற்குக் காரணம், அதில் என்ன இருக்கிறது என்று எந்தத் தேடுபொறிக்கும் தெரியாததுதான்.

ஹேமநாதன் ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கித் திருப்பி அடித்தார். எழுத்தாக இருந்தால் எவனும் திருத்திவிடுவான் என்றார். பத்து வருஷம் கழித்து இந்த எக்ஸ்எம்எல்லைத் திறக்க மென்பொருள் இருக்குமா என்றார். அதற்கு மருமகன், அது வெறும் எழுத்துதான், எந்தக் கணினியிலும் திறக்கும்; பழைய எழுத்துருவில் தட்டெழுதிய உங்கள் முதல் இதழ்கள்தான் இப்போது திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கின்றன என்றான். அவருடைய முகம் பொட்டலத்து மிளகாய்ச் சம்பல் நிறத்துக்குச் சிவந்தது.

“உனக்கு இதுல என்னப்பா இவ்வளவு அக்கறை?” என்று கேட்டார். கேட்ட விதம், அவன் கட்டுரைகளைக் கடத்திக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலம் வழியாக நாட்டை விட்டே ஓடப் போகிறான் என்பது போல இருந்தது.

ரூபேந்திரன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். மூடியும் பாதி இறங்கியது.

“வடிவத்த அப்புறம் பாக்கலாம். என் கட்டுரைய மொதல்ல நான் முழுசா கேக்கணும். அண்ணன் வாயால வேணாம். அண்ணி படிக்கட்டும்” என்றாள் கஸ்தூரி.

ஹேமநாதன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் தேன்மொழிக்கு இடித்தது. வெட்டியிருந்தால் இந்த நேரத்தில் அவருக்கு முதுகுவலி வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இணையம் போயிருக்க வேண்டும். அவர் டேப்லெட்டை எடுத்து, இதழைத் திறந்து, மனைவியின் கையில் தாமே கொடுத்தார். கொடுத்த கை மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

இரண்டு பெண்களும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தேன்மொழி கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீதிமன்றத்தில் ஆவணம் வாசிக்கும் குரல் அவளுக்கு இன்னும் போகவில்லை: ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது, கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஊதா முத்திரை எழுத்துகளின் மேல் விழுந்த இடங்களில் மட்டும் டேப்லெட்டை மூக்குவரை கொண்டு போனாள்.

கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தன் வரிகள் வரும்போது அவளுடைய உதடுகளும் கூடவே அசைந்தன. ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுவாள் என்று தேன்மொழிக்குத் தெரிந்தது.

சொற்கள் மாறவில்லை. புளுகன் வந்தார், சட்டித்தலையன் வந்தார். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ஓடி ஒளிந்த கதைகள் வந்தன. கிராணியின் பகுதி நெருங்கியது. கஸ்தூரி போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பகுதி இருந்தது. முழுதாக இருந்தது. பிரட்டில் நின்றவரை வாயைத் திறக்கச் சொல்லி, எல்லோரும் சிரிக்கும்வரை காத்திருந்து, பிறகு கோணவாயன் என்று பெயர் எழுதிய சம்பவம்கூட ஒரு வரி குறையாமல் இருந்தது.

கஸ்தூரி மூச்சை விட்டாள். “வெட்டல” என்றாள், தனக்குத்தானே. “பாவம், அண்ணன நான்தான்…”

“இரு” என்றாள், அடுத்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்ட தேன்மொழி. அவளுடைய குரலில் முதன்முறையாக ஓர் இறக்கம் வந்தது. “நீ என்னான்னு எழுதுன? ‘ஒரு கிராணி’ன்னா?”

“ஆமா.”

“இங்க ‘அய்யாவு என்ற கிராணி’ன்னு இருக்கு.”

தேன்மொழி அதே வரியை மறுபடியும் வாசித்தாள், தான் தவறாகப் படித்திருந்தால் நன்றாக இருக்கும் என்ற நப்பாசையில். எழுத்து மாறவில்லை. கூடத்துப் படத்தில் இருப்பவரின் பெயரேதான். அய்யாவு. தோட்டத்தின் பெயர், எந்த வருஷங்களில் வேலை பார்த்தார், எல்லாம் அடிக்குறிப்பில் இருந்தன. இத்தனை நாள் வெட்டு விழுந்ததா என்று தேடிய வீட்டில் ஒட்டு விழுந்திருக்கிறது.

மீதியையும் கடைசிவரை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கஸ்தூரி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, தானே கதவைத் திறந்தாள்.

கூடத்தில் ஹேமநாதன் நின்றுகொண்டிருந்தார். அவர் எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது. கஸ்தூரி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“யாரக் கேட்டு அப்பா பேர போட்டீங்க?”

பேர் இல்லாமல் விட்டால் அந்தக் காலத்துக் கிராணிகள் அத்தனை பேர் மேலும் பழி விழும் என்று ஹேமநாதன் தொடங்கினார். ஆய்வு என்றால் ஆதாரம் வேண்டும் என்றார். ஆசிரியர் என்ற முறையில் தமக்குப் பொறுப்பு இருக்கிறது என்றார். வகுப்பறைக் குரலில் மூன்று நான்கு வாக்கியங்கள் நேராக நடந்தன. அப்புறம் குரல் தடுமாறியது.

“நீ மறைச்ச, கஸ்தூரி. நான் மறைக்கல.”

தேன்மொழி இதற்காகவே காத்திருந்தவள் போலக் குறுக்கே வந்தாள். அவளுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. முத்திரை, ஸ்கேன், பிடிஎஃப் என்று அவர் பிடித்த பிடிவாதம் எல்லாமே. “மறைக்கலயா? எவனும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி படமா போட்டு வச்சிட்டு, மறைக்கலைங்கறீங்க. உண்மையும் சொன்ன மாதிரி ஆச்சு, ஊருக்கும் தெரியாம போச்சு. இத்தன வருஷம் கோர்ட்டுல நின்னேன், இவ்வளவு சுத்தமான வேலைய நான் பாத்ததே இல்ல.”

ஹேமநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நானும் யோக்கியம் இல்ல, அண்ணி” என்றாள் கஸ்தூரி மெதுவாக. “ஊர்ல உள்ளவங்க பட்டப்பேர எல்லாம் அச்சுல ஏத்துனேன். எங்கப்பா பேர மட்டும் ஏத்தல.” பிறகு அண்ணனின் மூச்சு வந்த திசைக்குத் திரும்பினாள். “ஒண்ணு சொல்லுங்கண்ணா. அந்தப் பேரு இருக்கணும்னா, தேடினா கெடைக்கணும். என் போனு வாசிக்கணும், எல்லார் போனும் வாசிக்கணும். இல்ல, கெடைக்கக் கூடாதுன்னா, பேர எடுத்துடுங்க. ரெண்டும் இல்லாம இந்தப் படம் புடிக்கிற வேல வேணாம்.”

ஆக, காலையிலிருந்து வடிவம் வடிவம் என்று நடந்த சண்டை இந்த இடத்தில் வந்து நின்றது. ஹேமநாதன் அப்பாவின் படத்தைப் பார்த்தார். அப்பா வழக்கம் போல மிரட்டினார். பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் ரூபேந்திரன் தொண்டையைச் செருமினான்.

“மாமா. இன்னொரு விஷயம்.”

மடிக்கணினியின் மூடி முழுவதும் திறந்தது. மாமனார் அச்செடுக்கச் சொல்லி ரூபினிக்கு அனுப்பிய கோப்பு அவர்கள் வீட்டுக் கணினியிலேயே இருந்திருக்கிறது. கூட்டத்தில் காட்டுவதற்கு ஒரு மாதிரி வேண்டுமே என்று அந்தக் கட்டுரையை அவன் எக்ஸ்எம்எல் ஆக்கி, இணையப் பக்கமாகவும் ஏற்றிவிட்டான். வெள்ளிக்கிழமையே. சோதனைக்காகத்தான், கடவுச்சொல் போட மறந்துவிட்டான். காலையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைத் தேடுபொறி எடுத்துக்கொண்டதைப் பார்த்தானாம். அப்போதிருந்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூடியைத் தாழ்த்துவதும் ஏற்றுவதுமாக இருந்திருக்கிறான்.

“அலமாக்” என்று மலாயில் பதறினார் ஹேமநாதன். அவர் வாயிலிருந்து ஆய்வுக்கு ஒவ்வாத சொல் வந்து தேன்மொழி கேட்டதே இல்லை.

“நீ அத படிச்சியா?” என்று தேன்மொழி மருமகனைக் கேட்டாள்.

“இல்ல அத்தை. எங்களுக்குத் தலைப்பு எது, பத்தி எது, அடிக்குறிப்பு எது, அவ்வளவுதான். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டோம்.”

தேன்மொழி அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. தள்ளுபடியும் செய்யாமல் ஏற்கவும் செய்யாமல் நிலுவையில் வைத்தாள்.

“எடுத்துடு. இப்பவே எடு” என்றார் ஹேமநாதன்.

“வேணாம்” என்றாள் கஸ்தூரி.

ரூபேந்திரனின் விரல் விசைப்பலகைக்கு மேல் அந்தரத்தில் நின்றது. அந்த நேரத்தில்தான் மேசை மேல் கிடந்த ஹேமநாதனின் கைப்பேசி அடித்தது. இதழின் தொடர்பு எண் அதுதான். பெயர் தெரியாத எண். அவர் கை போவதற்குள் கஸ்தூரி சத்தம் வந்த இடத்தைத் தடவி எடுத்து, அண்ணனிடம் நீட்டினாள். “ஒலிபெருக்கில போடுங்க.”

வேறு வழியில்லாமல் போட்டார்.

ஓர் ஆணின் குரல். வயதானவர். கோபமாகப் பேசவில்லை, சொல்ல வேண்டியதைப் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவர் போலப் பேசினார். பேரப்பிள்ளை இணையத்தில் எதையோ தேடும்போது இந்தக் கட்டுரை வந்ததாகவும், வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதாகவும் சொன்னார்.

“என் பேரு செல்வா. ஐசி கார்டுல என் அப்பா பேரு கோணவாயன்னு இருக்கு. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா தவறிட்டாரு. அம்மாவும் அந்தப் பேரு தவிர வேற பேரு சொன்னதில்ல, அப்பறம் அவங்களும் போயிட்டாங்க. கிராணிக்கு உண்மையான பேரு தெரிஞ்சிருக்கும்லா. அய்யாவு கிராணியோட பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா? திட்டறதுக்கு இல்லீங்க. எங்கப்பா பேரு என்னன்னு கேக்கணும், அவ்வளவுதான்.”

கஸ்தூரி போகாத வீடுகளில் ஒன்று இது. அந்தச் சம்பவத்தை மற்றவர்கள் சொல்லித்தான் எழுதினாள்; அந்தக் குடும்பத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஹேமநாதன் கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் எதிர்முனைவரை போயிருக்காது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற தேன்மொழிக்கு மட்டும் கேட்டது.

“சன்னாசி” என்றார் அவர்.

தேன்மொழி கணவரையே பார்த்தாள். சற்று முன்தான் அந்தக் கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசி அடிக்குறிப்புவரை ஒரு சொல் விடாமல் வாசித்தவள் அவள். அதில் அப்படி ஒரு பெயர் எங்குமே இல்லை.